பழைய மெட்ராஸ் கணக்குகளில் வரும் ‘கார்ஸ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெட்டியில் கிடந்த குத்தகைச் சீட்டை வைத்துக்கொண்டு கேட்பவர்கள், ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கடிதங்களைப் புரட்டும் மாணவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை இங்கே கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை.

ஆங்கில ஆவணத்தில் ‘கார்ஸ்’ என்று ஒரு அளவு வருகிறது. அது என்ன?

தானியத்தை அளக்கும் பெரிய முகத்தலளவை. மெட்ராஸ் மாகாணத்தில் நெல், அரிசி, உப்பு ஆகியவற்றின் மொத்தக் கணக்கு இதில்தான் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ஜி, ஏ, ஆர், சி, ஈ என்று எழுதுவார்கள். இன்றைய ஆங்கிலத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. பெரிய அகராதிகளிலும் ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்போடுதான் இருக்கும்.

கார்ஸ் என்ற பெயரில் ஒரு பாத்திரம் கிடையாது. யாரும் கார்ஸை வைத்து அளக்கவில்லை. அளந்தது மரக்காலாலும் படியாலும்தான். அளந்து முடித்த தொகையைச் சுருக்கி எழுதக் கணக்குப்பிள்ளைக்கு உதவிய பெயர் இது.

அப்படியானால் இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த அளவா?

இல்லை, நம்முடையதுதான். தமிழில் கரிசை, தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் கொஞ்சம் உச்சரிப்பு மாறி வரும். சோழமண்டலக் கரையில் வியாபாரம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். 1684-85 வாக்கிலேயே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் குறிப்பில், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கூனிமேட்டில் 200 கார்ஸ் உப்பு வாங்கச் சொல்லி உத்தரவு போனது பதிவாகியிருக்கிறது.

இங்கிலாந்தில் தானியத்துக்குப் புசல், குவார்ட்டர் என்று அவர்கள் அளவுகள் இருந்தன. ஆனால் இங்கே வாங்குவதும் விற்பதும் வரி வாங்குவதும் மரக்கால் கணக்கில் நடக்கும்போது புசலை வைத்து என்ன செய்ய முடியும்? ஊர் அளவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு கார்ஸுக்கு எத்தனை மரக்கால், எத்தனை படி?

எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ஐந்து மரக்கால் ஒரு பறை. எண்பது பறை ஒரு கரிசை. அதாவது ஒரு கார்ஸுக்கு 400 மரக்கால், 3,200 படி. வேறெதை மறந்தாலும் இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள். சென்னைக் கணக்கில் படியின் கொள்ளளவு காலத்துக்குக் காலம் மாறியது. இந்த விகிதம் மாறவில்லை.

ஆங்கிலக் கையெழுத்தில் ஆழாக்கு ‘ஒல்லாக்’ ஆகும், படி ‘பட்டி’ ஆகும் அல்லது வெறுமனே ‘மெஷர்’ ஆகும், மரக்கால் ‘மெர்கல்’ ஆகும். பழகிவிட்டால் தடுமாற்றம் இருக்காது.

சரி, கிலோவில் எவ்வளவு? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. கார்ஸ் என்பது கொள்ளளவு, கிலோ என்பது எடை. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் மாற்றவே கூடாது. இணையத்தில் ‘1 கார்ஸ் = இத்தனை கிலோ’ என்று ஒற்றை வரியில் போட்டிருப்பதை நம்பி நெல்லுக்கும் அரிசிக்கும் அதையே பயன்படுத்திய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

1846-க்குப் பிந்தைய அளவில் ஒரு கார்ஸ் 5,244 லிட்டர். நெல் என்றால் லிட்டருக்கு 550 முதல் 600 கிராம் நிற்கும். ஆக ஒரு கார்ஸ் நெல் ஏறக்குறைய 3 டன். இன்றைய நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக் கணக்கில் 40 கிலோ சிப்பம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி என்றால் அதே கொள்ளளவு நாலரை டன்னை நெருங்கும்.

ஒரு புத்தகத்தில் 9,256½ பவுண்டு என்கிறார்கள், இன்னொன்றில் 120 மணங்கு என்கிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டும் ஒத்துவரவில்லையே?

இரண்டும் சரி. காலம்தான் வேறு. பழைய சென்னை மரக்கால் 750 கன அங்குலம். அந்தக் கணக்கில் 400 மரக்கால் 3,00,000 கன அங்குலம். அது நிறைய அரிசி 9,256½ பவுண்டு, அதாவது 4,199 கிலோ. 1846-ல் அரசு மரக்காலை 800 கன அங்குலம் என்று நிலைப்படுத்தியது. படி சரியாக 100 கன அங்குலம் ஆனது, கார்ஸ் 3,20,000 ஆனது.

800 என்று வைத்ததில் ஒரு வசதி இருந்தது. 100 கன அங்குலப் படியைத் தலைதட்டி அரிசியால் நிரப்பினால் 120 தோலா (தோலா என்பது சுமார் 11.66 கிராம் எடை) நிற்கும் என்பது அரசுக் கணக்கு. வங்காள மணங்கு என்பது 40 சேர், சேருக்கு 80 தோலா. ஆக மணங்குக்கு 3,200 தோலா. கார்ஸுக்கும் 3,200 படி. இரண்டிலும் அதே 3,200 வருவதால், படிக்கு எத்தனை தோலாவோ கார்ஸுக்கு அத்தனை மணங்கு! படி 120 தோலா, கார்ஸ் 120 மணங்கு. முகத்தலளவையிலிருந்து நிறுத்தலளவைக்குப் போகக் காகிதமே வேண்டாம். பவுண்டில் இது 9,874, கிலோவில் 4,479.

மணங்கு என்றால் 25 பவுண்டுதானே? 120 மணங்கு 3,000 பவுண்டுதானே வரும்?

அது சென்னை மணங்கு. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று போகும் கணக்கு. அதில் மணங்கு 25 பவுண்டு, பாரம் 500 பவுண்டு. ஆங்கிலத்தில் பாரத்தைக் ‘கேண்டி’ என்பார்கள். முந்தைய பதிலில் சொன்னது வங்காள மணங்கு; அது 82 பவுண்டும் கொஞ்சமும், கிலோவில் 37.3.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ‘மௌண்ட்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு அறிக்கைகளில் ‘இந்தியன்’ அல்லது ‘இம்பீரியல்’ என்ற அடைமொழியோடு வந்தால் பெரியது. பஜார் கணக்கு, புளி, வெல்லம், மிளகாய் என்றால் பெரும்பாலும் சிறியது. அடைமொழி இல்லாவிட்டால் அதே பக்கத்தில் விலை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பதால் தவறு இருந்தால் விலை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா? அதனால் கணக்கு மாறுமா?

மாறும், நன்றாகவே மாறும். களத்தில் அளக்கிறவர் மரக்காலைப் பொலியில் அமுக்கி, இரண்டு கையாலும் நெல்லை வாரி மேலே கோபுரம் கட்டி, சிந்துவதற்குள் சாக்கில் கவிழ்ப்பார். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்பார். அடுத்தது ரெண்டு, மூணு. தலைதட்டி அளப்பது என்றால் விளிம்போடு கோலாலோ உள்ளங்கையாலோ வழித்துவிடுவது. சென்னைப் படி தலைதட்டினால் 120 தோலா அரிசி, குவித்தால் 132. பத்துக்கு ஒரு பங்கு கூடுதல்.

இதில் பாத்திரத்தின் வாயும் சேர்த்தி. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மரக்கால்களில் வாய் அகன்றதன் மேல்தான் கோபுரம் பெரிதாக நிற்கும். வாங்குகிறவருக்கு அகன்ற மரக்கால் லாபம், கொடுக்கிறவருக்குக் குறுகியது லாபம். குத்தகை வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளைப் பற்றிக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரசின் அளவில் கன அங்குலம் என்பது தலைதட்டிய கொள்ளளவு. ஆவணம் எதுவும் சொல்லாவிட்டால் தலைதட்டியது என்று எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்ததை அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

எங்கள் தாத்தா கலம், கோட்டை என்றுதான் சொல்வார். கார்ஸ் என்று கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், நியாயம்தான். தஞ்சாவூர்ப் பக்கம் கலம், திருநெல்வேலிப் பக்கம் கோட்டை, கொங்கில் வள்ளம், தெலுங்குச் சீமையில் தூமும் புட்டியும். கரிசை சென்னையையும் அதைச் சுற்றியிருந்த கம்பெனி ஜாகீரையும் (இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகள்), அதற்கு வடக்கே தெலுங்குக் கடற்கரையையும் சார்ந்தது. தலைமைச் செயலகம் சென்னையில் இருந்ததால் சென்னை அளவே மாகாணம் முழுவதற்கும் காகித அளவாகிவிட்டது. தஞ்சாவூர் கலெக்டர் கலத்தில் வாங்கிய தகவலைக் கார்ஸாக்கி ரெவின்யூ போர்டுக்கு அனுப்புவார்.

கலம் 12 மரக்கால். அதனால் கார்ஸ் 33⅓ கலம் என்று முழுமையில்லாமல் வரும். கோட்டை திருநெல்வேலியில் 21 மரக்கால் என்பது பரவலான கணக்கு. 19 கோட்டையும் ஒரு மரக்காலும் சேர்ந்தால் 400. ஆனால் இந்த வகுத்தலெல்லாம் இரண்டு ஊர் மரக்காலும் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். பெரும்பாலும் ஒன்றாக இருந்ததில்லை.

ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டைப் படிக்க இந்தக் கணக்கு உதவுமா?

உதவாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைக் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்று எண்ணுகின்றன; அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த ஜாக்கிரதை பிற்காலத்துக் குமாஸ்தாக்களிடம் இல்லை. ஆடவல்லானை 800 கன அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட எந்த ஆதாரமும் கிடையாது.

‘கார்ஸ் 200 ரூபாய்’ என்று விலை போட்டிருக்கிறது. கடையில் படி என்ன விலை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

3,200-ஐ அந்த ரூபாயால் வகுத்தால் ரூபாய்க்கு எத்தனை படி என்று வந்துவிடும். 200 ரூபாய் என்றால் ரூபாய்க்கு 16 படி. ரூபாய்க்கு 16 அணா என்பதால் படி ஓர் அணா. 100 ரூபாய் என்றால் அரை அணா. 400 என்றால் இரண்டு அணா. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் இடைப்பட்டதைக் கண்ணாலேயே மதிப்பிடலாம்.

ஆனால் இது மொத்த விலை. தெருவில் படி வாங்கியவர் இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்திருப்பார். அரசுப் பட்டியல்களில் முதல் தர நெல், இரண்டாம் தர நெல், அரிசி என்று தனித்தனிப் பத்தி இருக்கும். அவசரத்தில் நெல் விலையை அரிசி விலை என்று எடுத்துவிட வேண்டாம். நெல்லைக் குத்தினால் அளவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் அரிசி தேறும், அதனால் அரிசி விலை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

1800-க்கு முந்தைய கடிதத்தில் ரூபாயே இல்லை. வராகன், பணம், காசு என்று இருக்கிறது.

சென்னையில் அப்போது கணக்கு நாணயம் நட்சத்திர வராகன். 80 காசு ஒரு பணம், கம்பெனிக் கணக்கில் 42 பணம் ஒரு வராகன். 1818-ல் வெள்ளி ரூபாயைக் கணக்கு நாணயமாக்கியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த மூன்றரை ரூபாய் விகிதத்தில் மாற்றிவிட்டு, முந்தைய பதிலின்படி வகுக்கலாம். பஜாரில் வராகனுக்கு எத்தனை பணம் என்பது ஏறி இறங்கியதால் காசு வரைக்கும் துல்லியம் தேடுவதில் பயனில்லை. அதோடு, அந்தக் காலத்துப் படி 750 கன அங்குல மரக்காலின் எட்டில் ஒரு பங்கு. 1846-க்குப் பிந்தைய விலையோடு ஒப்பிடுமுன் அதையும் சரிசெய்யுங்கள்.

உப்புக்கும் கார்ஸா? உப்பு விளைச்சல் கணக்குக்கும் இதே எடைதானா?

உப்புக்குத்தான் கார்ஸ் கடைசிவரை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1805-ல் மெட்ராஸில் உப்பு அரசின் ஏகபோகம் ஆனது. உப்பளத்தில் விளைந்ததை அரசு வாங்கி, தானே நிர்ணயித்த விலைக்குக் கார்ஸ் கணக்கில் விற்றது. உப்பின் பருமன் பொடியா கல்லா, ஈரமா காய்ந்ததா என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும்; மரக்காலை நம்ப முடியாது. அதனால் உப்புக் கார்ஸ் 120 மணங்கு என்று எடையாகவே நிலைத்துவிட்டது. 1844-ல் கார்ஸுக்கு 120 ரூபாய் என்று வந்தபோது, மணங்கு சரியாக ஒரு ரூபாய்.

ஆகவே உப்பு ஏடுகளில் கார்ஸைப் பார்த்தால் லிட்டர் பக்கமே போக வேண்டாம். நேராக 4,479 கிலோ.

புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கரிசையை எடையாகவே எழுதியிருக்கிறாராமே? அப்போது நீங்கள் முகத்தலளவை என்பது?

உண்மைதான். பிரான்சிஸ் புக்கானன் 1800-ல் சென்னையிலிருந்து மைசூர்ப் பயணம் கிளம்பி ஜாகீர் வழியாகப் போனார். அங்கே கேட்டு எழுதிய பட்டியலில் பலம், வீசை, மணங்கு, பாரம் என்று ஏறி, 20 பாரம் ஒரு கரிசை என்று முடிக்கிறார். பாரம் 500 பவுண்டு என்றால் 10,000 பவுண்டு. 120 மணங்குக்கு வெகு தூரமில்லை.

ஒரே பெயர் இரண்டு ஏணிகளின் உச்சியிலும் நின்றிருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நிறுத்து விற்கும் வியாபாரிக்கு 20 பாரம், அளந்து விற்பவருக்கு 400 மரக்கால். நடைமுறையில் இரண்டும் அரிசிக்கு அருகருகே வந்ததால் யாருக்கும் சண்டை இல்லை. நெல்லுக்கு இப்படிப் பொருந்தாது. நெல் கார்ஸ் என்றால் முகத்தலளவை என்றே கொள்ளுங்கள்.

ஊர்க் கணக்கில் ‘இத்தனை கார்ஸ்’ என்று இருந்தால் அது மொத்த விளைச்சலா?

பெரும்பாலும் இல்லை. களத்தில் நெல் அடித்துத் தூற்றியதும் முதலில் கழிந்தவை சுதந்திரங்கள், அதாவது வழக்கமான உரிமைப் பங்குகள். கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், நீர் பாய்ச்சியவர், காவல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் மரக்கால், படி, கைப்பிடி என்று வழக்கப்படி போகும். மீதிதான் மேல்வாரம் (சர்க்கார் அல்லது நிலத்துக்காரர் பங்கு), குடிவாரம் (உழுதவர் பங்கு) என்று பிரிந்தது. சர்க்கார் ஏட்டில் ஏறும் கார்ஸ் சில சமயம் பிரிப்பதற்கு முந்தைய தொகை, சில சமயம் மேல்வாரம் மட்டும். தலைப்பு வரியைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் ஊரின் விளைச்சல் பாதியாகத் தெரியும், அப்புறம் ‘அந்தக் காலத்தில் விளைச்சல் குறைவு’ என்று முடிவுக்கு வந்துவிடுவோம்.

1860-களுக்குப் பிந்தைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) அறிக்கைகளில் கார்ஸ் வேறு வேலைக்கு வருகிறது. ஏக்கருக்கு இத்தனை படி என்று விளைச்சலைக் கணித்து, பஞ்சமில்லாத இருபது ஆண்டுகளின் சராசரிக் கார்ஸ் விலையால் அதைப் பணமாக்கி, சாகுபடிச் செலவு கழித்து, மீதியில் பாதியை நிலவரிக்கு அடிப்படையாக வைத்தார்கள். அங்கே கார்ஸ் யாரும் அளந்த நெல் இல்லை. வரிக்கான ஒரு விலை அலகு. பஞ்ச வருஷங்களைச் சராசரியில் சேர்க்காததால் விலை தாழ்ந்தே நின்றது, குடியானவருக்கு அது கொஞ்சம் சாதகம்தான்.

இலங்கைப் பதிவுகளிலும் கார்ஸ் வருமா?

தேடினால் ஏமாற்றம்தான். இலங்கையில் நெல் கணக்கு அவணம், பறை, புசல். பறை என்ற பெயரைப் பார்த்ததும் மேலே சொன்ன ஐந்து மரக்கால் பறை என்று நினைக்க வேண்டாம், அது வேறு அளவு. அவணம் தானிய அளவாகவும், அத்தனை நெல் விதைக்கும் நிலத்தின் பரப்பாகவும் இரண்டு பொருளில் வரும். தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கு அரிசி போன கப்பல் கணக்கு சென்னை ஏடுகளில் இருந்தால், அதில் மட்டும் கார்ஸைப் பார்க்கலாம்.

இணையத்தில் தேடினால் என்னென்னவோ வருகிறதே?

பிரெஞ்சில் அதே எழுத்துக் கூட்டலில் ஒரு வசைச்சொல் இருக்கிறது, அதுதான் முதலில் வந்து நிற்கும். ‘மெட்ராஸ்’, ‘பேடி’, ‘சால்ட்’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் தேடுங்கள். பழைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கியதில் ‘கிரேஸ்’ என்று தவறாக விழுந்திருக்கும். அதையும் ஒரு முறை தேடிப் பார்க்கவும். 18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் கடைசி எழுத்துகள் சி, ஈ-க்குப் பதில் எஸ், ஈ என்றோ வெறும் எஸ் என்றோ இருக்கும். புக்கானன் எழுதியது ‘குர்சே’.

எப்போது வழக்கிலிருந்து போனது?

1956-ல் இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது, 1960-களின் தொடக்கத்தில் படிப்படியாகக் கட்டாயமானது. படியும் மரக்காலும் சட்டத்துக்குப் பிறகும் வீட்டிலும் களத்திலும் வெகுகாலம் தாக்குப்பிடித்தன, சீர்வரிசைத் தட்டில் இன்றும் மரக்கால் உண்டு. கையில் பிடிக்கப் பாத்திரம் இல்லாத கார்ஸ் மட்டும் ஏடு மூடியதோடு மறைந்தது.

என் ஆவணத்தில் ‘3 கார்ஸ், 127 மரக்கால், 5 படி நெல்’ என்று இருக்கிறது. கட்டுரையில் எப்படி எழுதுவது?

முதலில் எல்லாவற்றையும் படியாக்குங்கள். மூன்று கார்ஸ் 1,200 மரக்கால். 127 சேர்த்தால் 1,327. எட்டால் பெருக்கி 5 கூட்டினால் 10,621 படி. ஆவணம் 1846-க்குப் பிந்தியது என்றால் படிக்கு 1.639 லிட்டர், சுமார் 17,400 லிட்டர். முந்தியது, அதுவும் சென்னை அளவு என்றால் படிக்கு 1.536, சுமார் 16,300 லிட்டர். எடையாகச் சொல்ல வேண்டுமானால் முதலாவதற்கு ஒன்பதரையிலிருந்து பத்தரை டன் என்று எல்லையாகக் கொடுங்கள். ‘9,947.3 கிலோ’ என்று தசமத்தில் எழுதினால் அந்த .3 நீங்கள் சேர்த்தது, நெல்லில் இருந்ததில்லை.

மூல அளவைக் கட்டுரைக்குள் அப்படியே வைத்து, மாற்றியதை அடிக்குறிப்பில் போடுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர் மரக்கால், தலைதட்டியதா என்று மூன்று சொல்லும் கூடவே இருக்கட்டும். பின்னால் யாராவது அந்த ஊரின் மரக்காலையே கண்டுபிடித்துத் தண்ணீர் ஊற்றி அளந்தால், உங்கள் எண்ணைத் திருத்திக்கொள்ள அவருக்கு வழி இருக்கும்.